டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் நம்ம வீட்டு வாய்ப்புண்ணும்

சிறப்பு மலருக்கு ஒரு பெரிய பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். யாரை எழுதலாம் என்று ரொம்ப யோசிக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் நம்மில் யாருக்கும் புதுசு இல்லை. கர்ப்பமானதும் நர்சம்மாவிடம் பதிந்து, பிக்மி நம்பர் வாங்கி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் உதவி வாங்குகிறோமே, அந்த மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான். எந்தத் தவணை எப்போது ஏறும் என்பது நமக்கு மனப்பாடம். அந்த அம்மா யார் என்று கேட்டால் முழிப்போம். நானும் பத்தாவது வரைக்கும் படித்தவள், இவரைப் பற்றிப் பாடத்தில் நாலு வரி படித்த ஞாபகம் மட்டும் இருந்தது. எங்கள் பெரியம்மாவை அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதுதான் அந்த ஆஸ்பத்திரியையே உண்டாக்கினவர் இவர் என்று தெரிந்தது. அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முத்துலட்சுமி 1886-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம், தொண்டைமான் ராஜாக்கள் ஆண்ட ஊர். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் இருந்த இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் கல்யாணத்துக்காக அப்பாவைச் சொந்தக்காரர்கள் தள்ளி வைத்துவிட்டார்கள். ஊர் எப்படிப் பேசும் என்பதைச் சின்ன வயசிலேயே பார்த்து வளர்ந்த பொண்ணு.

அந்தக் காலத்தில் வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அதனால் வீட்டிலேயே அப்பாவும் வாத்தியார்களும் சொல்லிக் கொடுத்து மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதிப் பாஸ் ஆனார். அடுத்துக் கல்லூரி. இருந்ததோ பையன்கள் படிக்கும் கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெற்றவர்கள் கொடி பிடித்தார்கள். மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சேர்த்துக்கொள்ள உத்தரவு போட்டார். பையன்கள் கல்லூரியில் ஒரே பெண்ணாகப் படித்து முடித்தார். எல்லா வீட்டிலும் மாதிரிதான், அம்மாவுக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணிவிட ஆசை. மகள் பிடிவாதமாகப் படிப்பு என்றார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களைத் தன் வகுப்பில் உட்காரவே விடாத ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் அங்கே இருந்தார். இந்த அம்மா பரீட்சையில் எடுத்த மார்க்கைப் பார்த்துவிட்டு அவர் கதவைத் திறந்துவிட்டாராம். 1912-ல் தங்கப் பதக்கங்களோடு டாக்டர் பட்டம். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் அவர்தான். நம்மில் பாதிப் பேருக்கு எழும்பூர் ஆஸ்பத்திரி என்றால் தெரியும், சிக்கலான பிரசவத்தை இங்கிருந்து அங்கேதானே எழுதி அனுப்புவார்கள்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன்னாடியே, என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் வேலைக்குக் குறுக்கே வரக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். அவரும் கடைசி வரைக்கும் வாக்கைக் காப்பாற்றினார். இரண்டு பிள்ளைகள், ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி. இரண்டாவது பிள்ளையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி வரும். நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை என்று படித்தபோது எனக்கே ஆச்சரியம். இதைச் சொன்னால்தான் எங்கள் குழுவில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதை மட்டுமே ஒரு புத்தகமாக எழுதலாம். இந்திய மாதர் சங்கம் என்ற பெண்கள் அமைப்பின் முயற்சியால் 1926-ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். மறு வருஷமே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். உலகத்திலேயே ஒரு சட்டசபையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் இவர். பொட்டுக் கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று அங்கேதான் போராடினார். அந்தச் சட்டம் முழுசாக வர 1947 ஆனது. காந்தியைக் கைது செய்ததும் 1930-ல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பி வந்த சில பெண் பிள்ளைகளை எந்த விடுதியும் சேர்க்காததால் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். இன்றைக்கும் சென்னையில் நடக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இவருக்கு ஒரு தங்கை இருந்தார். அந்தத் தங்கைக்கு வயிற்றுப்போக்கும் ரத்தமுமாக ரொம்ப நாள் தொந்தரவு. சீதபேதி என்று நினைத்து அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். தெரிந்தபோது கை மீறிப் போயிருந்தது. 1923-ல் தங்கை இறந்துபோனார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா சாதாரண ஆள் இல்லை. தங்கப் பதக்கம் வாங்கின டாக்டர். சென்னையில் தெரியாத டாக்டர் கிடையாது. அந்த வீட்டிலேயே நோய் இன்னொன்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வளர்ந்திருக்கிறது. உடம்புக்கு உள்ளே இருப்பதை எட்டிப் பார்க்கும் கருவிகள் அப்போது இன்றைக்குப் போல இல்லை. வெளியே சொல்லக் கூச்சப்படும் இடம் வேறு.

அழுது முடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. 1925-ல் மேல்படிப்புக்கு லண்டன் போனபோது அங்கே இந்த நோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி இருப்பதைப் பார்த்தார். நம்ம ஊரில் அப்படி ஒன்று வேண்டும் என்பது மனசில் ஊறிக்கொண்டே இருந்தது. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூறாவது ஆண்டு விழா மேடையில் அதைப் பகிரங்கமாகக் கேட்டார். கேட்டவுடன் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. எப்படியும் சாகப் போகிற நோய்க்கு எதற்கு ஆஸ்பத்திரி, காசு தண்டம் என்பதுதான் பெரிய இடங்களிலிருந்து வந்த பதில். இப்போது கேட்டால் கோபம் வருகிறது. அன்றைக்குப் படித்தவர்களே அப்படித்தான் நினைத்தார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு புற்றுநோய் நிவாரண நிதி என்று ஒன்று ஆரம்பித்தார். வீடு வீடாக, ஆள் ஆளாகக் கேட்டுச் சேர்த்த பணம். வாரம் 50 ரூபாய் சந்தா கட்டி, அதிலிருந்து லட்சக்கணக்கில் கடன் சுற்றி வருவதைப் பார்த்த நமக்கு இது புரியும். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு வந்து அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி ஆஸ்பத்திரி திறந்தது. 12 படுக்கை. இரண்டு டாக்டர். ஒருவர் அவருடைய பிள்ளை கிருஷ்ணமூர்த்தி, வெளிநாடு போய் இதற்கென்றே பயிற்சி எடுத்து வந்தவர். இன்னொருவர் சாந்தா என்ற இளம் டாக்டர், அரசாங்க வேலை கைக்கு வந்தும் அதை விட்டுவிட்டு இங்கே வந்தவர். 2021-ல் இறந்துபோகிற வரைக்கும் அந்த வளாகத்திலேயே இருந்த டாக்டர் சாந்தா அம்மாதான் அவர். முத்துலட்சுமி அம்மையாருக்கு அப்போது வயசு 67. நம்ம ஊரில் 67 வயசு என்றால் திண்ணையில் உட்கார வைத்துவிடுவோம்.

அந்த 12 படுக்கைக்கு எந்த மாதிரி நோயாளிகள் வந்தார்கள் தெரியுமா? பெண்களில் பெரும்பாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்று. அதற்கு அடுத்தபடி, ஆண் பெண் இரண்டு பேருக்கும், வாய்ப்புற்று. கன்னத்துக்குள், நாக்கில், ஈறில். அந்த ஆஸ்பத்திரி முதலில் பெயர் வாங்கினதே வாய்ப்புற்று வைத்தியத்தில்தான். கதிர்வீச்சு தனியாக, மருந்து தனியாக என்றில்லாமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவர்களில் கிருஷ்ணமூர்த்தி, சாந்தா இருவரும் முன்னோடிகள்.

ஏன் நம்ம ஜனத்துக்கு வாயிலேயே இவ்வளவு வருகிறது? பதில் நம்ம பெட்டிக்கடையில் தொங்குகிறது. பீடி, சிகரெட், சுருட்டு, பாக்கெட் புகையிலை, பாக்கு. இதை நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், நர்சம்மாவிடம் படித்துக் காட்டிச் சரி பார்த்துக்கொண்டேன்.

கன்னத்துக்கு உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள், வழவழப்பாக ஈரமாக இருக்கும். அது ஒரே தோல் இல்லை. வாழைத்தண்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. வாழையில் புது மட்டை உள்ளே இருந்து கிளம்பி, பழைய மட்டையை வெளியே தள்ளும் இல்லையா? அதே மாதிரி அடி அடுக்கில் உள்ள செல்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். புதுசு மேலே மேலே ஏறி வந்து, பழசு எச்சிலோடு உதிர்ந்து போய்விடும். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கன்னத்தின் உள்பூச்சே புதுசாகிவிடுகிறது. சூடாகக் குடித்துச் சுட்டுக்கொண்டால் நாலு நாளில் ஆறிவிடுவது இதனால்தான். உடம்பிலேயே சீக்கிரம் ஆறும் இடம் வாய்.

இப்போது புகை உள்ளே போகிறது. புகையிலைப் புகையில் 7,000-க்கு மேல் ரசாயனம் இருக்கிறது, அதில் 70 வரைக்கும் புற்று உண்டாக்கக்கூடியவை. இவை எச்சிலில் கரைந்து, நாக்குக்கு அடியிலும் நாக்கின் ஓரத்திலும் தேங்கும். அங்கேதான் பூச்சு ரொம்ப மெல்லிசு. முதலில் சூடும் எரிச்சலும் தாங்காமல் மேல் அடுக்கு தடிக்கும். களை வெட்டி வெட்டி உள்ளங்கை காய்த்துப் போகிறதே, அந்த மாதிரி. அந்தத் தடிப்புதான் வெளியே வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

அதோடு நின்றால் பரவாயில்லை. ரசாயனம் அடி அடுக்கு வரைக்கும் இறங்குகிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும், எப்படிப் பிரியணும், எப்போது நிறுத்தணும் என்ற விவரம் எழுதி இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் டி.என்.ஏ. என்று படித்திருப்போம். தையல் தெரிந்த அக்காக்களுக்கு இது சுலபம். அளவு ஜாக்கெட்டை வைத்துத்தானே புது ஜாக்கெட் வெட்டுகிறோம்? அந்த அளவு ஜாக்கெட்டிலேயே கழுத்து கோணலாக இருந்தால், அதை வைத்து வெட்டுகிற நூறு ஜாக்கெட்டும் கோணல். புகையிலை விஷம் அந்த அளவு ஜாக்கெட்டில் கை வைக்கிறது. செல்லுக்குத் தையல் பிரித்துச் சரி செய்யத் தெரியும், தினம் தினம் செய்துகொண்டும் இருக்கும். தினம் ஒரு கட்டு பீடி என்றால் எத்தனையைத்தான் பிரித்துத் தைக்கும்? சில கோணல் தப்பிவிடும். வருஷக்கணக்கில் கோணல் மேல் கோணல் சேர்ந்து, கடைசியில் நிறுத்தச் சொல்கிற விவரமே அழிந்துபோன ஒரு செல் கிளம்பும். அது நிற்காமல் பிரியும், அடி அடுக்கை உடைத்துக்கொண்டு சதைக்குள் இறங்கும். அதுதான் புற்று.

வாயின் பூச்சு சீக்கிரம் சீக்கிரம் புதுசாகிறது என்று மேலே சொன்னேன். ஆறுவதற்கு நல்லதாக இருக்கும் அதே குணம் இங்கே வினையாகிறது. எத்தனைக்கு எத்தனை தடவை வெட்டித் தைக்கிறோமோ அத்தனைக்கு அத்தனை தப்பு வர வழி.

இன்னொரு தந்திரமும் புகைக்கு உண்டு. ஈறு கெட்டால் ரத்தம் கசிந்து நமக்குத் தெரிவிக்கும். பீடி குடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே இருக்கும். பல் நல்லா இருக்கு என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள், உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

பீடி இலையில் சுற்றியது, மருந்து கலக்காதது, சிகரெட்டைவிடத் தேவலாம் என்று நம்ம ஊர் ஆம்பளைகள் எல்லாரும் சொல்வார்கள். அது தப்பு. பீடி அடிக்கடி அணைந்துபோகும், அதனால் அடிக்கடி இழுத்து இழுத்துக் குடிக்கணும், புகை இன்னும் ஆழமாகப் போகும். அதோடு சாராயமும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கூட்டல் இல்லை, பெருக்கல். சாராயம் பூச்சை இளக்கிவிட்டு விஷத்துக்கு வழி விடுகிறது.

பெண்கள் நாம் பீடி குடிப்பதில்லையே என்று சிரிக்காதீர்கள். ஆந்திராவில் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் கடலோரத்தில் பெண்கள் சுருட்டு குடிப்பார்கள், அதுவும் கொள்ளி முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு. காற்றில் அணையாது, கை வேலையைப் பார்த்துக்கொண்டே குடிக்கலாம் என்று சொல்வார்களாம். அவர்களுக்கு மேல் அண்ணத்தில் புற்று வருகிறது, மற்ற ஊர்களில் அண்ணத்தில் வருவது அபூர்வம். நெருப்பும் புகையும் எங்கே படுகிறதோ அங்கே வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம்ம பக்கத்துக் கிழவிகள் வெற்றிலை பாக்கோடு புகையிலையை அதக்கிக்கொண்டே தூங்கிவிடுவார்கள். எந்தக் கன்னத்தில் அதக்குகிறார்களோ அந்தக் கன்னத்தில் வரும். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சொல்லி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாக்கு அதிகம் போட்டால் கன்னம் இறுகி வாயே திறக்க முடியாமல் போகும், இரண்டு விரல்கூட நுழையாது.

எங்கள் பெரியம்மாவும் இடது கன்னத்தில்தான் அதக்குவார். நாற்று நடப் போனாலும் சுருக்குப் பை இடுப்பில் இருக்கும். கன்னத்துக்குள் புண் வந்தபோது உஷ்ணம் என்றார். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டார், கடையில் களிம்பு வாங்கித் தடவினார். வலி இல்லை, அதனால் யாரும் கவலைப்படவில்லை. வலி இல்லாததுதான் இதில் மோசம். ஆறு மாசம் கழித்துத் தாடைக்குக் கீழே கட்டி தெரிந்து, காது வரைக்கும் குத்தல் வந்த பிறகு, அடி அண்ணாமலையிலிருந்து ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து அஞ்சு மணி நேரம் சென்னை. அடையாறில் யாரும் எங்களை விரட்டவில்லை, காசு எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேட்கவில்லை. முடியாதவர்களை அனுப்பிவிடக் கூடாது என்பது அம்மையார் காலத்திலிருந்து அங்கே உள்ள வழக்கம். கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் இருந்தார். இன்னும் ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தால் என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னது மட்டும் எங்கள் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மையாரின் தங்கை கதையையும் பெரியம்மா கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தங்கைக்கு நோய் இருந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வழி இல்லை. பெரியம்மாவுக்கு இருந்ததோ வாய். தினம் பல் தேய்க்கிற இடம். ஒரு டார்ச் அடித்திருந்தால் தெரிந்திருக்கும். 1923-ல் சென்னையின் பெரிய டாக்டர்களுக்குக் கிடைக்காத வசதி, நம்ம எல்லார் செல்போனிலும் லைட்டாக இருக்கிறது.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. திருவனந்தபுரம் பக்கத்தில் 1996-லிருந்து வருஷக்கணக்கில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள், டாக்டர்கூட இல்லை, வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தார்கள். சந்தேகம் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புகை, புகையிலை, குடி பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றால் செத்தவர் எண்ணிக்கை அந்தப் பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வெறும் பார்வையால்! நம்ம மாவட்டத்திலும் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வருகிற தன்னார்வலர்கள் நம்ம குழுவிலிருந்து போனவர்கள்தானே. அவர்களிடமே கேளுங்கள்.

எதைப் பார்க்கணும்? துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. வழவழவென்று சிவந்த திட்டு, இது வெள்ளையைவிட ஆபத்து. மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நாக்கை நீட்ட முடியாமை, வாய் முழுசாகத் திறக்காமை, காரணம் இல்லாமல் ஆடுகிற பல், கழுத்தில் கட்டி. உதடு, இரண்டு கன்னம், ஈறு, அண்ணம், நாக்கு மேலே கீழே இரண்டு ஓரம், நாக்குக்கு அடி, எல்லாம் பார்க்கணும். பல்செட் போட்டவர்கள் கழற்றிவிட்டுக் காட்டணும்.

வெள்ளைத் திட்டு எல்லாம் புற்று ஆகிவிடாது, நிறையத் திட்டு அப்படியே இருந்துவிடும். எது மாறும் எது மாறாது என்பது கண்ணுக்குத் தெரியாது. கடுகளவு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்த்துத்தான் சொல்வார்கள். சதை எடுத்தால் புற்று பரவிவிடும் என்று பயந்து ஓடுகிறவர்கள் நம்ம ஊரில் அதிகம், அப்படி ஒன்றும் கிடையாது.

எங்கள் மாமனார் 40 வருஷமாகப் பீடி குடிப்பவர். போன வருஷம் அவர் வலது வாயோரத்தில் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக இருந்ததைக் கண்டுபிடித்தது தன்னார்வலராக இருக்கும் எங்கள் குழு அக்காதான். திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை, ஆனால் செல்கள் கொஞ்சம் மாற ஆரம்பித்திருக்கிறது, பீடியை விட்டால் திரும்ப வாய்ப்பு உண்டு என்றார்கள். இரண்டு கட்டிலிருந்து அரைக் கட்டுக்கு வந்திருக்கிறார். முழுசாக விடவில்லை. பௌர்ணமி அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்துக்கு டீக்கடை போடும்போது ராத்திரி முழித்திருக்கணும் என்று சொல்லிக் கூடுதலாகக் குடிக்கிறார். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை காட்டச் சொல்லி இருக்கிறார்கள், நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். திட்டு கொஞ்சம் சின்னதாகி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பீடியை முழுசாக விட்டவர்களுக்கு அஞ்சிலிருந்து பத்து வருஷத்தில் வாய்ப்புற்று வரும் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது என்று அவரிடம் சொன்னேன். அதுவரைக்கும் நான் இருக்கணுமே என்று சிரிக்கிறார்.

விட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற இலவச நம்பர் இருக்கிறது, பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நம்ம கடனில் பெட்டிக்கடை வைத்த உறுப்பினர்கள் பீடிக்கட்டு விற்பதைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதை மலரில் எழுதினால் சண்டை வரும், கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

அம்மையாருக்கு 1956-ல் பத்மபூஷண் விருது கொடுத்தார்கள். கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவ்வை இல்லத்துக்கும் காசு சேர்ப்பதிலேயே இருந்தார். 1968 ஜூலை 22-ம் தேதி சென்னையில் இறந்தார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் 82 முடிந்திருக்கும். 12 படுக்கையாகத் தொடங்கியது இன்றைக்குப் பல நூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. அங்கேயே புகையிலையை விட வைக்கத் தனிப் பிரிவும் நடக்கிறது. அவர் பிறந்த ஜூலை 30-ஐத் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு நர்சம்மா வருவதாகச் சொல்லி இருக்கிறார், டார்ச் நான் கொண்டு வருகிறேன். வெற்றிலை போடும் அக்காக்கள் வாயை நல்லாக் கொப்பளித்துவிட்டு வாங்க. வீட்டு ஆம்பளைகள் வர மாட்டேன் என்றால் மாமியாரையாவது கூட்டிக்கொண்டு வாங்க.